படத்துல இருக்கற மாதிரியே

வாயைத் திறங்க. இன்னும். அட, பேருக்குத் திறந்தா எப்படிங்க சார்? கொட்டாவி விடற மாதிரி நல்லாத் திறங்க. ஆங், அப்படியே இருங்க.

அடேயப்பா. கீழ்க் கடவாப்பல்லு. முக்காவாசி கரைஞ்சே போயிருச்சு. எத்தனை நாளா வலி? வேண்டாம், சொல்ல வேண்டாம், வாயை மூடாதீங்க. எல்லாரும் சொல்ற பதில் ஒண்ணுதான், நேத்துல இருந்துன்னு. இது ஆறு மாசத்துச் சொத்தைங்க. அடைக்கறதுக்கெல்லாம் வழியில்ல, எடுத்துத்தான் ஆகோணும். பயப்படாதீங்க. முப்பது வருசமா இந்த ஊர்ல பல்லுப் புடுங்கறேன். ஒருத்தரும் திரும்பி வந்து அந்தப் பல்லைக் குடுன்னு கேட்டதில்ல.

எறும்பு கடிக்கற மாதிரி இருக்கும். அவ்வளவுதான். முடிஞ்சுது. இனி நாக்கு, உதடு, தாடை எல்லாம் ஒரு பக்கமா மரத்துப் போவும். அது வரைக்கும் நீங்க வாயைத் திறந்தபடியே சாஞ்சு படுத்திருங்க. பேச வேண்டாம். பேசறதுக்குத்தான் நான் இருக்கறேன்.

கண்காட்சிக்குத்தான வந்தீங்க? வெளியூரு. அது தெரியுது. டிக்கெட் கிழிக்கற பொண்ணு என் கிளினிக் நர்ஸுதான். தாடையைப் புடிச்சுட்டு நிக்கறீங்கன்னு அதுதான் உங்களைக் கொண்டாந்து விட்டுட்டுப் போச்சு. நல்லவேளை, மண்டபமும் கிளினிக்கும் ஒட்டுச் சுவரு. நானும் சித்த உக்காரலாம்னு இப்பத்தான் வந்தேன். காலையில இருந்து நின்னு நின்னு கால் ரெண்டும் கழண்டு போச்சுங்க. ஆறரைக்கு நடுவருங்க வாராங்க, பெங்களூர்ல இருந்து மூணு பேரு. அதுக்குள்ள உங்களை முடிச்சு அனுப்பிருவேன். பல்லையும் எடுத்துட்டு எங்க ரயில் லேஅவுட்டையும் பாத்துட்டு நிம்மதியா ஊருக்குப் போவீங்க.

பொம்மை ரயிலுன்னு மட்டும் சொல்லிராதீங்க. எனக்குக் கெட்ட கோவம் வரும். மாடல் ரயில்வே. நிஜத்துல எண்பத்தேழு அடின்னா எங்ககிட்ட ஒரு அடி. கிளப்புன்னு பேரு பெருசு, ஆளு கொஞ்சம். வண்டியும் வயரும் ஆடிட்டர் பொன்னுரங்கம் பாத்துக்குவாரு. மண்ணு, மலை, மரம், கட்டடம் எல்லாம் நானு. பல்லு அச்சு எடுக்கற பிளாஸ்டர்ல எப்பேர்ப்பட்ட மலை வரும் தெரியுமா? டீத்தூளைக் காயவெச்சுத் தூவினா நம்ம ஊரு செம்மண்ணு. பல்செட் பண்ற அக்ரிலிக்கை ரெண்டு சொட்டு விட்டா, மழை பேஞ்சு தேங்கின தண்ணி. எங்கூட்டுக்காரி என்னைப் பல்லு டாக்டருன்னே சொல்றதில்ல, கொத்தனாருங்கறா.

மனுசங்களைச் செய்யறது மருதாசலம் மாஸ்டரு. ஸ்கூல்ல டிராயிங் மாஸ்டருங்க. நான் குடுக்கற மெழுகுல ஊசியை வெச்சுச் செதுக்குவாரு. சுண்டுவிரல் நகத்து மேல ஒரு ஆளை நிக்க வெச்சா, அந்த ஆளு வெத்தலை போட்டிருக்கறானா இல்லியான்னு சொல்லிரலாம். அப்படி ஒரு கை. அந்தக் கையாலதான் இன்னைக்கு எனக்கு இத்தனை ரோதனை.

போன் அடிக்குதுங்களா? அடிச்சுட்டுப் போவுது. கையில கிளவுஸ் மாட்டிட்டேன். வண்டி தடம் புரண்டா டாக்டரு, லைட்டு எரியலேன்னா டாக்டரு. பொன்னுரங்கந்தான். நான் இல்லாம அஞ்சு நிமிசம் ஓட்டத் தெரியாது அவங்களுக்கு.

எங்க விட்டேன்? ஆங், மாஸ்டரு. அதுக்கு முந்தி ஒண்ணு சொல்லோணும், அப்பத்தான் உங்களுக்குப் புரியும். ஒரு லேஅவுட்டுன்னா ஒரு நாளைக் குறிச்சுக்கோணும்ங்க. எந்த வருசம், எந்த மாசம், எந்நேரம். ஏன்னா சுவத்துல போஸ்டர் மாறிட்டே இருக்குது, மரம் வளருது, ரயில் பொட்டிக்குப் பெயின்ட்டு மாறுது. நாளைக் குறிக்காம செஞ்சா அது கொலு மாதிரி ஆயிரும், கிருஷ்ணரு பக்கத்துல போலீஸ்காரன் நிப்பான். எங்க கிளப்புல ஒரே சட்டம். நான் போட்டதுதான். படத்துல இருந்தா இருக்கோணும். படத்துல இல்லேன்னா இருக்கக்கூடாது. அவ்வளவுதான். இதுல சொந்தம், பந்தம், சிபாரிசு ஒண்ணும் கிடையாது.

இந்தத் தடவை நம்ம ஊரையே செய்யலாம்னு முடிவு பண்ணினோம். ஸ்டேஷன்ல ஆரம்பிச்சு மில் கேட்டு வரைக்கும். ஸ்டேஷனுக்குப் படம் கிடைச்சுது. குடோனுக்குக் கிடைச்சுது. மில் கேட்டுக்கு மட்டும் எங்க தேடியும் ஒண்ணுமில்ல. நீங்களே சொல்லுங்க, சாதாரண நாள்ல ஒரு லெவல் கிராஸிங்கை எவன் போட்டோ எடுப்பான்? ஒரே ஒரு நாள்தான் எடுத்திருக்கறாங்க. நாலு பேப்பர்க்காரனும் வந்து நாலு மூலையில இருந்தும் எடுத்திருக்கறான். கேட்டு, கேட்மேன் ரூமு, முறிஞ்சு தொங்கற வேப்பங்கிளை, சுவத்துல ஆடித் தள்ளுபடி போஸ்டர், ரோட்டுல தேங்கின தண்ணி. அத்தனையும் கண்ணாடி மாதிரி இருந்துச்சு. பொன்னுரங்கம் எங்கியோ போயி ஒரிஜினலாவே வாங்கிட்டு வந்துட்டாரு. எனக்கு அன்னைக்கு ராத்திரி சோறு எறங்கல, அவ்வளவு சந்தோசம்.

நாலு வருசத்துக்கு முந்தி, ஆடி மாசம், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலங்க. அன்னைக்கு மில் கேட்டுல ஒரு விபத்து. மாஸ்டரோட சம்சாரம், வசந்தாமணின்னு பேரு.

அட, ஏனுங்க அப்படிப் பாக்கறீங்க? நான் என்ன ராட்சசனா? ஆளு, கூட்டம், அதெல்லாம் நாங்க எடுத்துட்டோம்ங்க. கூட்டத்தைக் கழிச்சுட்டா மிச்சம் வெறும் கேட்டுதான. ஒரு தப்பும் இல்ல. எத்தனை நாள்ல எத்தனை பேரு செத்திருப்பாங்க, அந்தத் தேதியெல்லாம் காலண்டர்ல இருந்து கிழிச்சா போட்டுட்டோம்?

உதட்டைத் தொடறேன், தெரியுதா? கொஞ்சம் தெரியுதா? அப்ப இன்னும் சித்த நேரம் ஆவட்டும்.

என்ன நடந்துச்சுன்னா, ரெண்டு பேரும் ஒரு கல்யாண ரிசப்ஷனுக்குப் போயிட்டிருந்திருக்கறாங்க. கேட்டு போட்டாச்சு. நம்ம ஊரு வழக்கந்தான் உங்களுக்குத் தெரியுமே, கேட்டு போட்டா போட்டதுதான், நாம பாட்டுக்குக் குனிஞ்சு போயிருவோம். மாஸ்டரு டிவிஎஸ் வண்டியைச் சாய்ச்சு கம்பிக்கு அடியில நுழைச்சு அந்தப் பக்கம் போயிட்டாரு. அந்தம்மா வரமாட்டேன்னுட்டு இந்தப் பக்கமே நின்னுருக்குது. வண்டி போனப்புறம் வாரேன்னு சொல்லியிருக்குது. இவருதான் அங்கிருந்து கூப்பிட்டிருக்கறாரு. வா, வா, தூரத்துலதான் வருது, வந்துருன்னு. சரின்னு அந்தம்மா குனிஞ்சு வந்துச்சு. அவ்வளவுதாங்க. சாயங்காலப் பாசஞ்சரு.

அப்புறம் ஒரு வருசம் மனுசன் கதவையே திறக்கல. ஸ்கூலுக்கும் போகல. ஒரே ஒரு பொண்ணு, கட்டிக் குடுத்தாச்சு, துபாய்ல இருக்குது. நான்தான் விடாம வீட்டுக்குப் போயி, போயி, கையப் புடிச்சு இழுத்துட்டு வந்தேன். மாஸ்டரு, கைக்கு வேலை இருந்தா மனசுக்கு நோவு தெரியாது, வாங்கன்னு. வேலியில போன ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கிட்ட கதையாப் போச்சுன்னு இப்பத்தான் தெரியுது.

அவருகிட்ட நாங்க நாளைச் சொல்லலை. எதுக்கு வீணா நோவடிக்கறதுன்னுதான். மேசையெல்லாம் முடிஞ்சு, ஆளுங்களை நிறுத்தற கட்டத்துலதான் கூப்பிட்டோம். வந்தாரு. ஸ்டேஷனைப் பாத்தாரு, சிரிச்சாரு. குடோனைப் பாத்தாரு. மில் கேட்டுக்கிட்ட வந்தவரு அப்படியே நின்னுட்டாரு. வேப்பங்கிளையைத் தொட்டுப் பாத்தாரு. போஸ்டரைக் கண்ணாடி போட்டுப் படிச்சாரு. தண்ணி தேங்கினதைப் பாத்தாரு. அப்புறம் கேட்டாரு, "டாக்டருங்க, இது என்ன நாளுங்க?"

"பொதுவா ஒரு மழை நாளுங்க மாஸ்டரு"ன்னேன்.

அவரு தண்டவாளத்துல ஒரு எடத்தைக் காட்டினாரு. ஜல்லியில ஒரு திட்டு கருப்பா இருக்கும். படத்துல அப்படித்தான் இருந்துச்சு. எஞ்சின் எண்ணெய்னு நெனச்சு நான்தான் கருப்புப் பெயின்ட்டு வெச்சிருந்தேன். சத்தியமா எண்ணெய்னுதாங்க நெனச்சேன். அவரு வெரலால அதைத் தடவிப் பாத்தாரு. தடவி, வெரலை மூக்குக்கிட்டக் கொண்டு போனாரு. பெயின்ட்டு வாசந்தான வரும்? அப்புறம் வெளிய போயி கை கழுவினாரு. ரொம்ப நேரம் கழுவினாரு.

அத்தோட நின்னுருவாருன்னு நெனச்சேன். நிக்கல. மறுநாளே வந்துட்டாரு. எப்பவும் போல உக்காந்து போர்ட்டரு, டீக்காரன், பூக்காரின்னு ஆளுங்களைச் செஞ்சாரு. பாத்தீங்களா, கைக்கு வேலைன்னு நான் சொன்னது பலிச்சுருச்சேன்னு எனக்கு ஒரே பெருமை. ஒரு வாரம் கழிச்சுப் பாக்கறேன், மில் கேட்டுக்கு இந்தப் பக்கம் புதுசா ஒரு பொம்பளை நிக்குது. கிளிப்பச்சைப் புடவை. கையில ஒரு பை. கேட்டைப் பாத்துட்டு நிக்குது.

யாருன்னு எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனா சட்டம் சட்டந்தாங்க. படத்துல அந்த எடத்துல ஆளு இல்ல. இடுக்கியை எடுத்து மெதுவாப் புடுங்கி வெச்சுட்டேன். அடுத்த வாரம் இன்னொண்ணு நிக்குது. அதே புடவை, அதே பை. அதையும் எடுத்தேன். மறுபடி ஒண்ணு. நான் எடுக்க எடுக்க அவரு வெச்சுட்டே இருக்கறாரு. இருங்க, காட்டறேன். இந்த டப்பாவைப் பாருங்க, பல்செட் போட்டு வைக்கற டப்பாதான். குலுக்கினா எப்படிச் சத்தம் வருது பாருங்க. அத்தனையும் வசந்தாமணிதான். ஒண்ணைப் போல ஒண்ணு. மூஞ்சியில மூக்குத்தி கூட வெச்சிருக்கறாரு மனுசன்.

கண்ணை மூடாதீங்க சார். பல்லுக் கிட்ட வலிக்குதா? இல்லீல்ல? அப்ப சரி.

ஒரு நாள் நேராவே கேட்டுட்டேன். மாஸ்டரு, ஏனுங்க இப்படிப் பண்றீங்கன்னு. அவரு சொல்றாரு, "டாக்டருங்க, அவ நின்னுட்டுத்தான் இருந்தா. நான் கூப்பிடலேன்னா இன்னும் நின்னுட்டுத்தான் இருப்பா. இங்கயாவது நிக்கட்டுமே."

இடுக்கியை ஒரு நிமிசம் கீழ வெச்சேன். இருந்தாலும் சொன்னேன், "மாஸ்டரு, படத்துல நிக்கலையேங்க."

அதுக்கு மேல அவரு வாதாடல. வேற ஒண்ணு புடிச்சுக்கிட்டாரு. அந்த ரயில்வே கேட்டுத்தான். படம் எடுத்த நேரத்துல ஆம்புலன்ஸ் போறதுக்காகக் கேட்டைத் தூக்கி விட்டிருந்தாங்க. அதனால எங்க லேஅவுட்டுலயும் கேட்டு தூக்கித்தான் இருக்கும். பொன்னுரங்கம் கூடக் கேட்டாரு, வண்டி வரும்போது கேட்டு திறந்திருந்தா சனம் சிரிக்காதான்னு. சிரிக்கறவன் சிரிக்கட்டும், நடுவரு கையில படம் இருக்குமில்ல? படத்துல திறந்திருந்தா திறந்துதான் இருக்கோணும். பல்லு ஒட்டற பசையைப் போட்டு அசையாம ஒட்டிட்டேன். ஒடைச்சாத்தான் கீழ வரும்.

போன வாரம் இதே நாற்காலியில வந்து உக்காந்தாரு மாஸ்டரு. பல்லைக் காட்ட வந்திருக்கறாருன்னு பாத்தா, கையைக் கூப்பறாரு. "டாக்டருங்க, கண்காட்சி மூணு நாளைக்கு மட்டும் கேட்டை மூடி வெச்சுக்கலாம்ங்களா? அப்புறம் நீங்க திறந்துக்கங்க. மூடியிருந்தா அவ நிப்பா"ங்கறாரு. ஐம்பத்தஞ்சு வயசு ஆளு, குழந்தை மாதிரி கேக்கறாரு. பரிசு வாங்கினப்புறம் பாக்கலாம்ங்க மாஸ்டருன்னு தட்டிக் குடுத்து அனுப்பிட்டேன். வேற என்னங்க பண்றது? ரெண்டு வருச உழைப்பு. ஒருத்தரு மனசுக்காக அத்தனையும் பாழாக்க முடியுமா?

இப்பத் தொடறேன், தெரியுதா? தெரியல. அருமை. வேலையை ஆரம்பிச்சுரலாம். கையை மட்டும் வயித்து மேல வெச்சுக்குங்க.

இன்னைக்குக் காலையில கண்காட்சி திறந்தாச்சு. யாரு யாரு எந்த மேசையில நிக்கறதுன்னு டூட்டி போட்டது நான்தான். மாஸ்டரை மில் கேட்டுலயே போட்டேன். வேணும்னேதான் போட்டேன். பயந்த எடத்துலயே நிக்க வெச்சாத்தான் பயம் தெளியும்ங்க. சின்னப் புள்ளைங்களுக்கு நான் அப்படித்தான் பல்லுப் புடுங்கறேன், கொறடு ஒண்ணைக் கையில குடுத்துத் தொட்டுப் பாருன்னுட்டுத்தான் ஆரம்பிப்பேன். அப்புறம் மேசைக்குப் பின்னாடி பெரிய போர்டு. பேப்பர்ல வந்த படம் ஒரு பக்கம், எங்க லேஅவுட்டுப் படம் ஒரு பக்கம். கூட்டத்தை விட்டுட்டா, ஆறு வித்தியாசம் கண்டுபுடிங்கன்னா ஒண்ணு கூட சிக்காது. அந்தப் போர்டுக்கு முன்னாடிதான் அவரு நிக்கோணும்.

மத்தியானம் வரைக்கும் நல்லாத்தான் நின்னாரு. கிளப்பு டீசர்ட்டு போட்டு, தலையைச் சீவி, ஜம்முனு. அப்புறம் பாசஞ்சர் வண்டி மில் கேட்டுக்கிட்ட வரும்போதெல்லாம் உள்ளங்கையை எடுத்துத் தண்டவாளத்துல வெச்சுட்டாருங்க! எஞ்சின் வந்து கையில முட்டி நிக்குது. சக்கரம் சுத்துது, வண்டி நகரல. அவரு குனிஞ்சு கேட்டுக்கு இந்தப் பக்கம் பாக்கறாரு. யாரோ போயிட்டாங்கன்னு உறுதி பண்ற மாதிரி தலையை ஆட்டிட்டு அப்புறம் கையை எடுக்கறாரு. ஒவ்வொரு வண்டிக்கும் இதே கூத்து. புள்ளைங்களுக்குச் சிரிப்பு. எனக்கு மோட்டார் கருகற வாசம் வருது. டைம்டேபிளு மொத்தமும் போச்சு. பின்னாடி வர்ற வண்டியெல்லாம் வரிசையா நிக்குது.

இப்பக் கொஞ்சம் அழுத்தம் தெரியும். வலி இருக்காது, அழுத்தம் மட்டுந்தான். ஒரு வேரு ஆடுது. நல்ல பல்லுங்க, விட மாட்டேங்குது.

ரெண்டு தடவை சாடையாச் சொன்னேன். மூணாவது தடவை எனக்குப் பொறுக்கல. கூட்டத்துக்கு முன்னாடியே சத்தம் போட்டுட்டேன். "மாஸ்டரு, இது பொம்மைங்க! பொம்மை வண்டியை நிறுத்தி என்ன ஆவப் போகுது? நிறுத்தோணும்னா போயி நிஜ வண்டியை நிறுத்துங்க, பாக்கலாம்!"

எல்லாரும் சிரிச்சுட்டாங்க. நானும் சிரிச்சேன். அவரு மட்டும் சிரிக்கல. என் மூஞ்சியையே பாத்துட்டு இருந்தாரு. அப்புறம் ரொம்பப் பணிவா, பாடத்துல சந்தேகம் கேக்கற மாதிரி கேட்டாரு, "நிறுத்தலாம்ங்களா டாக்டருங்க?"

நானும் விளையாட்டுக்கு, "தாராளமா"ன்னேன்.

"சாயங்கால வண்டி இப்பவும் அதே நேரந்தானுங்களா?"

"ஆறு அஞ்சுக்கு மில் கேட்டு. இன்னைக்கு ரைட் டைமுதான், பாத்துட்டேன்"ன்னேன். வண்டி நேரமெல்லாம் எனக்கு விரல் நுனியில.

சரிங்கன்னாரு. கையைத் துணியில தொடச்சாரு. பையில இருந்து ஒரு பொம்மையை எடுத்துக் கேட்டுக்கு இந்தப் பக்கம் நிக்க வெச்சாரு, மறுபடி ஒண்ணு! அதை எடுக்கறதுக்கு நான் இடுக்கி தேடறதுக்குள்ள ஆளு வாசல் தாண்டிட்டாரு. கோவிச்சுட்டு வீட்டுக்குப் போயிருப்பாரு. அங்க யாரு இருக்கறா, போயி சுவத்தைப் பாத்துட்டு உக்காந்திருப்பாரு. நாளைக்குக் காலையில நானே போயி ஒரு டீ வாங்கிக் குடுத்துக் கூட்டியாந்துருவேன். அவருக்கு என்னை விட்டா யாருங்க?

சார், சார், அசையாதீங்க! கொறடு உள்ள இருக்குது. அட, கையைப் புடிக்காதீங்க. வலிக்குதா? வலிக்காது. மரத்துப் போன எடம் எப்படிங்க வலிக்கும்? எல்லாம் மனசு. பாதியில எந்திரிச்சா வேரு ஒடைஞ்சு உள்ளயே நின்னுரும், அப்புறம் தாடையை அறுத்துத்தான் எடுக்கோணும், சொல்லிட்டேன். படுங்க. அப்படி.

என்னது? 'ஏ... ஏ'ன்னா என்னங்க? நாக்கு மரத்துருச்சு, பேச்சு வராது, வீணா மெனக்கெடாதீங்க. எச்சில்தான் வழியுது. எதைக் காட்டறீங்க, என் டீசர்ட்டா? ஓ, இதுங்களா! கோட்டுக்குள்ள நீலமா தெரியுதேன்னு பாக்கறீங்களா? எங்க கிளப்பு டீசர்ட்டுங்க. நெஞ்சுல எஞ்சின் படம், முதுகுல பேரு. எல்லாருக்கும் ஒண்ணு அடிச்சோம். உங்களுக்கும் வேணும்ங்களா? பெரிய சைஸுதான் மிச்சம் இருக்குது, போகும்போது நர்ஸு பொண்ணுகிட்டச் சொல்றேன், தரும்.

ஜன்னலை ஏனுங்க காட்டறீங்க? காத்து வேணுமா? ஃபேன் ஓடுதே. ரத்தத்தைப் பாத்துப் பயந்துட்டீங்க போல. பெரிய பெரிய ஆளெல்லாம் இந்த நாற்காலியில அழுதிருக்கறாங்க, நீங்க வெக்கப்பட வேண்டாம். இன்னும் ஒரே திருப்பு.

வந்துருச்சு! பாருங்க, பாருங்க, ரெண்டு வேரும் முழுசா. எப்படி இருக்குது! இதைப் பத்திரமா வெச்சுக்கலாம்ங்க, எங்க லேஅவுட்டுல ரோட்டோரப் பாறைக்கு ஆவும். சிரிங்க சார், கதை முடிஞ்சுது.

இந்தப் பஞ்சை நல்லாக் கடிச்சுக்குங்க. இறுக்கி. வாயைத் திறக்கக்கூடாது, துப்பக்கூடாது, பேசக்கூடாது. அரை மணி நேரம். திறந்தீங்கன்னா ரத்தம் நிக்காது. எழுந்திருக்காதீங்க, தலை சுத்தும். அட, சொன்னாக் கேளுங்க, உக்காருங்க! தோளைப் புடிச்சு அமுக்க வெக்கறீங்களே, குழந்தைங்க தேவலாம். மறுபடியும் பஞ்சை எடுக்கப் பாக்கறீங்க! வாயில கை வெக்காதீங்க. நான் டாக்டரா நீங்க டாக்டரா?

பாருங்க, மறுபடியும் போன். எத்தனை தடவைதான் அடிப்பாரு இந்த மனுசன்.

ஆங், கேக்குதுங்களா, ஹாரன்? நம்ம பாசஞ்சருதான். சொன்னேனில்ல, ரைட் டைமு. இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம், நாலு வீடு தள்ளித்தான் லைனு. மில் கேட்டுக்கு முந்தி ஒரு ஹாரன் குடுப்பான். வருசக்கணக்காக் கேக்கறேன், ஒரே அளவுதான். ஆனா இதென்ன, இன்னைக்கு விடாம அடிக்கறான்? கையை எடுக்கவே மாட்டேங்கறானே. கேட்டு போட்டுத்தான் இருக்கும், ஏன் இப்படி அலற விடறான்? பிரேக்குச் சத்தம் கேக்குதா? அங்க நிக்கற எடமே கிடையாதுங்க. சரியா வந்துட்டிருந்த வண்டியை லேட்டாக்கறானே. நடுவருங்க அந்த வண்டியிலதான் வாராங்க.

இருங்க, இந்தப் போனை எடுத்துத் தொலைக்கறேன். கிளவுஸு கழண்டு வர மாட்டேங்குது.

ஹலோ. சொல்லுங்க பொன்னுரங்கம். பல்லு எடுத்துட்டிருந்தேங்க, எப்படிங்க எடுக்கறது? ஆமா, கேட்டுச்சு, ஹாரன்தான். அதென்ன... யாரு? எங்க? இல்லீங்க, வீட்டுக்குல்ல போனாரு. வீடு பூட்டியிருந்தா கோயிலுக்குப் போயிருப்பாரு. நல்லாப் பாத்துச் சொன்னாங்களா? நீல டீசர்ட்டு போட்டவனெல்லாம் நம்ம ஆளா? முதுகுல பேரு... ரொம்ப நேரமா அங்க கல்லு மேல உக்காந்திருந்தாரா? கேட்மேனு கத்தலையா? கத்தினாரா? கையை நீட்டிட்டு நின்னாரா? லைனு மேலயா? உள்ளங்கையை இப்படியா?

வண்டி நின்னுச்சா? பொன்னுரங்கம், நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லுங்க, வண்டி நின்னுச்சா இல்லியா?

...

எங்க போயி நின்னுச்சு?

...

சார். சித்த இங்க பாருங்க. நீங்க ஸ்டேஷன்ல இருந்து ஆட்டோவுல வந்தீங்களா? மில் கேட்டு வழியாவா? தலையை ஆட்டுங்க, போதும். அங்க அவரு இருந்தாரா? கேட்டுக்கு உள்ள, கல்லு மேல உக்காந்திருந்தாரா? இதே டீசர்ட்டா?

ஏனுங்க சார், பாத்துட்டு வந்துட்டு இத்தனை நேரம் இங்க பேசாமப் படுத்திருந்தீங்களா? உங்களுக்கு வாய் இல்லீங்களா? ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்லீங்க!